மாவுச்சத்தைக் குறைத்தவர் மலையேறக் கிளம்பினால் பையில் எதை வைப்பது?

குறைமாவு உணவுக்கு மாறிய மூன்றாவது வாரத்தில் ஒரு பத்து மணி நேர மலையேற்றத்துக்கு ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு மாவுச்சத்து நாளுக்கு 30 கிராமுக்குள் இருந்தது. உடம்பு லேசாகியிருந்தது, பசி அடங்கியிருந்தது, அந்தத் தைரியம் வேறு. பையில் பாதாம், சீஸ், மூன்று லிட்டர் தண்ணீர். நான்காவது மணி நேரத்தில் ஏற்றம் செங்குத்தானதும் தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. தலைவலி. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. கூட வந்தவர், "மாவுச்சத்தே இல்லாம மலை ஏறலாம்னு யாருங்க சொன்னது?" என்று கடிந்துகொண்டே ஒரு குவளை சூப் காய்ச்சிக் கொடுத்தார். காய்கறித் துண்டு நாலைந்து, மற்றபடி வெறும் உப்புத் தண்ணீர்தான். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். மீதி ஆறு மணி நேரமும் ஒரு துளி சர்க்கரை இல்லாமல் நடந்து முடித்தேன்.

அந்த நாள் எனக்கு இரண்டு விஷயங்களைக் காட்டியது. குறைமாவு உணவில் இருப்பவர் நடையில் துவண்டால், எல்லோரும் சர்க்கரையைத்தான் காரணம் காட்டுவார்கள், ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். இன்னொன்று, இந்த உணவுமுறையோடு நெடுந்தூரம் நடக்க ஒரே ஒரு வழி என்று எதுவும் இல்லை. கொழுப்பை மட்டும் நம்பி நடக்கலாம், ஏற்றத்துக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரை எடுக்கலாம், நடை நாளில் முழுதாக மாவுச்சத்துக்குத் திரும்பலாம், அல்லது கட்டுப்பாட்டையே சற்றுத் தளர்த்தி நடுவில் நிற்கலாம். இந்த நான்கையும் நான் முயன்று பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவந்தது. ஆனாலும் முதலாவது சிறந்ததாக இருக்கும் நடைகளும் உண்டு, மூன்றாவதை விட்டால் வேறு வழியில்லாத நடைகளும் உண்டு.

முதலில் கணக்கு

உடம்பில் எரிபொருள் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து. வழக்கமான உணவு உண்பவருக்குத் தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். மொத்தம் 2,000 கலோரி அளவு. மற்றொன்று கொழுப்பு. 60 கிலோ எடையில் 15 சதவீதம் கொழுப்பு என்றாலே 9 கிலோ, ஏறக்குறைய 70,000 கலோரி. ஒல்லியானவர்கூட பல நாள் நடைக்கான எரிபொருளைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார். அதை எவ்வளவு வேகமாக எடுத்து எரிக்க முடியும் என்பதில்தான் சிக்கல்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான மலைப்பாதையில் நடந்தால் மணிக்குச் சுமார் 360 கலோரி செலவாகும். முதுகில் சுமையோடு செங்குத்தாக ஏறினால் 500-ஐத் தாண்டும். பழக்கப்படாத உடம்பு நிமிடத்துக்கு அரை கிராம் கொழுப்பை எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 270 கலோரி வரும். பாக்கி 90 கலோரிக்கு 22 கிராம் மாவுச்சத்து தேவை. பத்து மணி நேரத்துக்கு 220 கிராம். குறைமாவு உணவில் இருப்பவரின் கிடங்கு ஏற்கனவே பாதி காலியாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சம்பளம் வந்த பத்தாம் நாளே பர்ஸைத் தடவுகிற நிலைமைதான்.

அதே உடம்பு நிமிடத்துக்கு 0.8 கிராம் கொழுப்பை எரிக்கப் பழகிவிட்டால் மணிக்கு 430 கலோரி கிடைக்கும். மிதமான பாதையின் தேவைக்கு மேலேயே கையிருப்பு நிற்கும். கிளைக்கோஜனைக் கடைசி ஏற்றத்துக்கு என்று ஒதுக்கி வைக்கலாம். ஆக, நீங்கள் கொழுப்பை எரிக்க எவ்வளவு பழகியிருக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக ஏறப்போகிறீர்கள் என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கு உண்மையான பதில் கையில் இருந்தால் தேர்வு பாதி முடிந்தது.

கொழுப்பை மட்டும் நம்பி நடப்பது

இது புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. 1878 முதல் 1880 வரை அமெரிக்க ராணுவ அதிகாரி ஃப்ரெடரிக் ஷ்வாட்கா, முன்பு காணாமல் போன ஃப்ராங்க்ளின் கடற்பயணக் குழுவின் தடயங்களைத் தேடி ஆர்க்டிக்கில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்தார். கொண்டுபோன உணவு தீர்ந்த பிறகு அவரும் உடன்வந்த ஆர்க்டிக் பழங்குடிகளான இன்யூட் மக்களும் வேட்டையாடிய இறைச்சியையும் கொழுப்பையும் உண்டுதான் நடந்தார்கள். முழுக்க இறைச்சிக்கு மாறியபோது தொடக்கத்தில் உடல் தளர்ந்ததையும், இரண்டு மூன்று வாரங்களில் அந்தத் தளர்ச்சி தானாக நீங்கியதையும் அவர் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். என் மூன்றாம் வார மலையேற்றத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பு மனத்தில் வரும். நான் கிளம்பிய நாள் அந்தத் தளர்ச்சிக் காலத்தின் நடுவில்தான் இருந்தது.

ஆய்வுக்கூடத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1983-இல் ஸ்டீஃபன் ஃபின்னி ஐந்து பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை நான்கு வாரம் மாவுச்சத்து நாளுக்கு 20 கிராமுக்குக் கீழே வைத்தார். மிதமான வேகத்தில் களைத்து நிற்கும் வரை மிதித்த நேரம் சராசரியாக முன்பு 147 நிமிடம், பின்பு 151 நிமிடம். கிட்டத்தட்ட மாற்றமில்லை, ஆனால் தசைக் கிளைக்கோஜன் செலவு முன்பைவிட நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சராசரிக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் பெரிய வித்தியாசம் இருந்ததையும் மறைக்கக்கூடாது. 2016-இல் வெளியான ஜெஃப் வோலெக் குழுவின் ஆய்வில், பல மாதம் குறைமாவு உணவில் இருந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உச்சமாக நிமிடத்துக்குச் சராசரி 1.5 கிராம் கொழுப்பை எரித்தார்கள். மாவுச்சத்து உண்ட ஓட்டக்காரர்களுக்கு அது 0.67 கிராம்.

எதிர்ப்பக்கச் சான்றும் வலுவானது. 1967-இல் ஸ்வீடனில் பெரிஸ்ட்ரோம் குழு தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தது. கொழுப்பும் புரதமும் மட்டும் உண்ட பிறகு 57 நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள், கலப்பு உணவுக்குப் பிறகு 114 நிமிடமும் மாவுச்சத்து உணவுக்குப் பிறகு 167 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். இதைக் காட்டித்தான் பலர் குறைமாவு உணவை ஒரேயடியாக ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த உணவு மாற்றம் சில நாள் மட்டுமே நீடித்தது. கொழுப்புக்குப் பழகாத உடம்பிடமிருந்து மாவுச்சத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை அது சரியாகவே காட்டுகிறது. அடுத்த சனிக்கிழமை மலையேற்றம் இருக்கிறது என்று இந்தத் திங்கட்கிழமை குறைமாவு உணவைத் தொடங்குகிறவருக்கு நடப்பதும் அதுதான்.

நடைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு லூயிஸ் பர்க் குழு 2017-இல் வெளியிட்டது. வேகநடை வீரர்கள் மூன்று வாரம் பயிற்சி செய்தார்கள். மாவுச்சத்து உண்டவர்கள் 10 கிலோமீட்டர் போட்டியில் முன்னேறினார்கள், குறைமாவுக் குழு முன்னேறவில்லை. கொழுப்பை அவர்கள் ஏராளமாக எரித்தார்கள், ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்து சுமார் 5.05 கலோரி தரும், கொழுப்பு சுமார் 4.7 கலோரி. மூச்சு முட்ட ஏறும்போது அந்த ஏழெட்டு சதவீதம் பெரிய வித்தியாசம். பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

ஆகவே என் கருத்து இது. ஆறு முதல் எட்டு வாரமாவது குறைமாவு உணவில் நிலைத்து, அந்தக் காலத்திலேயே நடந்தும் பழகியவர், பேச்சு தடைபடாத வேகத்தில் போகிறவர், கொழுப்பை மட்டும் நம்பலாம். பசி வந்து ஆளைக் கவிழ்ப்பதில்லை, இரண்டு மணிக்கொரு முறை எதையாவது தின்றே ஆக வேண்டும் என்ற பதற்றம் இல்லை, சுமையும் குறைவு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. கொட்டைகளும் சீஸும் உலர்ந்த இறைச்சியும் கலந்த பை கிராமுக்குச் சராசரி 6 கலோரி தரும் என்றால், நாளுக்கு 3,000 கலோரிக்கு அரைக் கிலோ போதும். கிராமுக்கு 4 கலோரி தரும் உணவானால் 750 கிராம். ஐந்து நாள் நடையில் ஒன்றேகால் கிலோ மிச்சம்.

பையில் எது இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மக்காடமியா, பீக்கான், வால்நட் மூன்றும் முன்வரிசை. 100 கிராமுக்கு 650 முதல் 720 கலோரி, உறிஞ்சப்படும் மாவுச்சத்து மிகக் குறைவு. பாதாம் அடுத்தது. முந்திரியைக் கொட்டை என்று நம்பி அள்ளித் தின்ன வேண்டாம், 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கடினமான சீஸ் குளிர்ந்த காற்றில் பல நாள் தாங்கும், வெயிலில் வேர்த்து எண்ணெய் கசியும். ஆலிவ் எண்ணெயைச் சிறு குப்பியில் கொண்டுபோய் இரவுச் சூப்பில் இரண்டு கரண்டி ஊற்றினால் 240 கலோரி சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சாக்லேட், கீட்டோ பார் இவற்றின் உறையைத் திருப்பிப் படியுங்கள். மால்டிடால், சார்பிடால் என்ற இனிப்பூட்டிகள் இருந்தால் வயிற்றைப் புரட்டிவிடும், ஒதுங்க இடமில்லாத மலைமுகட்டில் அது பெரும் அவதி.

கொழுப்பு இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஏற்றத்தின் அடிவாரத்தில் உட்கார்ந்து கைப்பிடி கொட்டை தின்றுவிட்டு உடனே ஏறினால் நெஞ்சைக் கரிக்கும். சமதளத்தில், ஒன்றரை மணிக்கொரு முறை, 150 முதல் 200 கலோரி என்று சிறுகச் சிறுக உண்பதே நல்லது.

ஏற்றத்துக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரை

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. அன்றாட உணவு குறைமாவுதான். நடை நாளின் காலை உணவும் அதுவே. முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் சேர்ப்பதில்லை. பெரிய ஏற்றம் தொடங்கும்போது, அல்லது ஆறேழு மணி நேரம் கடந்த பிறகு, மணிக்கு 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து. பெரிய பேரீச்சம்பழம் ஒன்று, அல்லது இரண்டு மூன்று டீஸ்பூன் தேன், அல்லது நான்கு குளுக்கோஸ் மாத்திரை. அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய அளவு எதற்குப் பயன்படும் என்று நானும் முதலில் ஐயப்பட்டேன். கல்லீரலை நினைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தசையில் உள்ள கிளைக்கோஜன் அந்தத் தசைக்கு மட்டுமே சொந்தம், அதைச் சர்க்கரையாக்கி ரத்தத்துக்குத் திருப்பித் தரும் நொதி தசையில் கிடையாது. மூளைக்குப் போகிற ரத்தச் சர்க்கரையைக் காப்பது கல்லீரல்தான். உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன். கல்லீரலின் கையிருப்பு குறையக் குறைய அந்த ஒரு டீஸ்பூன் ஆட்டம் காணும். அப்போது மூளை தசைகளை அடக்கிவிடும். கால் நன்றாகத்தான் இருக்கும், நடக்க மனம் வராது, வழித்தடக் குறி கண்முன் இருந்தும் தவறும். கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள் மூளையின் தேவையில் பெரும்பங்கைப் பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் முழுவதையும் பார்த்துக்கொள்ளாது.

2025-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டி வீரர்களை ஆறு வாரம் மிகக் குறைமாவு உணவிலும் ஆறு வாரம் மாவுச்சத்து உணவிலும் வைத்து, பிறகு களைக்கும் வரை உழைக்கவிட்டார்கள். இரண்டு உணவிலும் தாக்குப்பிடித்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. மணிக்கு வெறும் 10 கிராம் மாவுச்சத்து கொடுத்தபோது இரண்டிலுமே ரத்தச் சர்க்கரை வீழ்வது நின்றது, தாக்குப்பிடித்த நேரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. விளையாட்டு வீரர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு மணிக்கு 30 முதல் 60 கிராம், மிக நீண்ட போட்டிக்கு 90 வரை. அதோடு ஒப்பிட்டால் 10 கிராம் என்பது பெரிய பந்தியில் ஒரு கவளம்.

இதனால் கீட்டோசிஸ், அதாவது உடம்பு கீட்டோன்களை உண்டாக்கி எரிக்கும் நிலை, கலைந்துவிடாதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். உட்கார்ந்தபடி தின்ற பேரீச்சையும் ஏறிக்கொண்டே தின்ற பேரீச்சையும் உடம்புக்கு ஒன்றல்ல. இயங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், உழைப்பின்போது சுரக்கும் அட்ரினலின் இன்சுலினை அடக்கி வைக்கும். சின்ன அளவு அங்கேயே எரிந்துவிடுகிறது. கீட்டோன் அளவு சற்று இறங்கினாலும் நடை தொடரத் தொடர மீண்டும் ஏறிவிடும்.

நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நடை தொடங்குவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு இனிப்பைத் தின்பது எல்லாவற்றிலும் மோசம். இன்சுலின் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் தசையும் சர்க்கரையை இழுக்கத் தொடங்கும், ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், கொழுப்பு வெளியேறும் வாசலும் சற்று நேரம் அடைபடும். இருபது நிமிடம் நடந்து உடம்பு சூடான பிறகு அதே இனிப்பு எந்தத் தொல்லையும் தராது.

இந்த வழியின் உண்மையான பலவீனம் உடம்பில் இல்லை, கையில் இருக்கிறது. ஒரு பேரீச்சை ஐந்தாகும். இனிப்பை விட்டுவிடுவதற்காகவே குறைமாவு உணவுக்கு வந்தவர்கள் பலர், அவர்களுடைய போராட்டம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பேரீச்சைப் பொட்டலத்தைவிடக் குளுக்கோஸ் மாத்திரை நல்லது. அது மருந்துபோல இருக்கும், ஆசையைக் கிளறாது. நான் மணிக்கணக்குப்படி சிறு பைகளில் தனித்தனியாகக் கட்டி வைத்துவிடுகிறேன். மீந்தால் அப்படியே திரும்பி வரும்.

நடை நாளில் முழு மாவுச்சத்து

குறைமாவு உணவில் இருந்துகொண்டு, மலையேற்றத்துக்கு முந்தின நாளும் அன்றும் மட்டும் தாராளமாக மாவுச்சத்து உண்பது. இரண்டு உலகத்தின் நன்மையும் சேர்ந்து கிடைக்கும் என்று தோன்றும். எனக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

நீண்ட நாள் குறைமாவில் இருந்த தசை, சர்க்கரையை முழு வேகத்தில் எரிக்கும் இயந்திரத்தைக் குறைத்து வைத்திருக்கும். கிடங்கை நிரப்பினாலும் பழைய வேகத்தில் உடனே எடுக்காது. குடலிலும் அதே கதை. சர்க்கரையை உள்ளே கடத்தும் கடத்திகள் பயன்படுத்தாததால் குறைந்திருக்கும், திடீரென்று மணிக்கு 60 கிராம் ஊற்றினால் வயிறு உப்பி, குமட்டி, கடைசியில் ஓட வைக்கும். கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் இரண்டே நாளில் எடை ஒன்றரைக் கிலோ கூடும். அது கொழுப்பு இல்லை, போய்விடும். ஆனால் தராசைப் பார்த்து மனம் உடைந்து உணவுமுறையையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இருந்தும் இதைத் தவிர்க்க முடியாத நிலை ஒன்று உண்டு. நேரக்கெடு வைத்த மலைப்போட்டி, மூச்சு வாங்க ஓடி ஏறும் நடை, பனிச்சரிவில் வெயில் ஏறுமுன் கடந்தே ஆக வேண்டிய வேகம். அங்கே ஆக்சிஜன்தான் கட்டுப்பாடு, ஆக்சிஜனுக்கு அதிகம் விளைவது மாவுச்சத்து. அப்படியானால் ஒரு நாளைக்கு என்று மாறாமல், குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே வாரத்தில் இரண்டு கடினப் பயிற்சிகளை மாவுச்சத்தோடு செய்து குடலையும் தசையையும் பழக்க வேண்டும்.

நடுவழி என்று நாளுக்கு 100 முதல் 130 கிராம் மாவுச்சத்தில் நிற்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கீட்டோசிஸ் தேவையில்லை, எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் போதும் என்பவருக்கு இது எளிது, வார இறுதி நடைகளுக்குத் தாராளமாகப் போதும். அந்த 130 கிராமில் பெரும்பகுதியை நடையைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். கீட்டோன் நன்கு உயராமல், கிளைக்கோஜனும் நிறையாமல் இருக்கும் என்பதுதான் குறை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அது தெரியும்.

எம்சிடி எண்ணெய் (நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு), கீட்டோன் பானம் பற்றிக் கேட்பார்கள். எம்சிடி நேராகக் கல்லீரலுக்குப் போய்க் கீட்டோனாகும் என்பது சரி, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கரண்டியைத் தாண்டினால் பலருக்கு வயிறு கலங்கும். கீட்டோன் பானங்களின் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, ஒன்றில் சைக்கிள் வீரர்கள் வேகம் இழந்தே போனார்கள். நெடுநடைக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் முடிவு.

எந்த வழியானாலும் உப்பு

நான்கு வழிக்கும் பொதுவான, எல்லோரும் கோட்டைவிடுகிற விஷயம் இது. இன்சுலின் அளவு இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியேற்றிவிடும். கூடவே தண்ணீரும் போகும். குறைமாவு உணவின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதன் பெரும்பகுதி இதுதான். ரத்தத்தின் கனஅளவு சற்றுக் குறைந்திருக்கும் நிலையில் மலையேறி, ஒரு லிட்டர் வேர்வைக்குச் சராசரி ஒரு கிராம் அளவு சோடியத்தையும் இழந்து, அதற்கு ஈடாக வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

குறைமாவு உணவை ஆராய்ந்த ஃபின்னியும் வோலெக்கும் உணவில் இருப்பதையும் சேர்த்து நாளுக்கு 3 முதல் 5 கிராம் சோடியம் என்கிறார்கள். ஒரு தட்டை டீஸ்பூன் உப்பில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் சோடியம் இருக்கிறது. நான் நடைக்கு ஒரு மணி நேரம் முன்பு அரை டீஸ்பூன் உப்பு போட்ட வெந்நீரோ சூப்போ குடிக்கிறேன். வழியில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் கால் டீஸ்பூன். வேர்வை வழியும் நாளில் அரை. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுக்கக் கூடாது, மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீரைக் கட்டாயப்படுத்திக் குடிப்பதும் ஆபத்து. தாகம் இல்லாமல் லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், குழப்பம், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது இதன் அடையாளங்கள். அதைச் சர்க்கரைக் குறைவு என்று நினைத்து மேலும் தண்ணீரும் இனிப்பும் கொடுப்பவர்கள் உண்டு.

வழியில் ஒருவர் துவண்டால் நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். எழுந்தால் தலைசுற்றல், தலைவலி, நெஞ்சு படபடப்பு, ஆனால் பேச்சு தெளிவு என்றால் முதலில் உப்பும் அளவான தண்ணீரும். கைநடுக்கம், குளிர்ந்த வேர்வை, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் என்றால் உடனே 15 கிராம் சர்க்கரை. இரண்டும் கலந்து தெரிந்தால் சர்க்கரையை முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்த நேரத்தில் கீட்டோசிஸைப் பற்றி யோசிக்கவே கூடாது.

மருந்து எடுப்பவர்கள் இங்கே நிற்கவும்

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுப்பவர்கள் குறைமாவு உணவோடு நாள் முழுக்க நடந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்றித்தர வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேறு விதமான ஆபத்து. குறைமாவு உணவு, நீரிழப்பு, கடும் உழைப்பு மூன்றும் இவற்றோடு சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை இயல்பாகக் காட்டும்போதே கீட்டோ அமிலத்தன்மை, அதாவது கீட்டோன்கள் மிதமிஞ்சி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வரலாம். கருவியில் எண் நன்றாக இருக்கிறதே என்று வாந்தியையும் வேகமான மூச்சையும் அலட்சியம் செய்துவிடுவார்கள். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குக் கொழுப்பை மட்டும் நம்பும் வழி வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

பல நாள் நடையும் உயரமும்

தினமும் எட்டு மணி நேரம் நடந்தால் 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 4,000 கலோரி செலவு. அவ்வளவையும் யாரும் தின்று முடிப்பதில்லை. ஆயிரம் கலோரி குறைந்தாலும் கொழுப்புக்குப் பழகிய உடம்பு அதைத் தன் கிடங்கிலிருந்து அமைதியாக எடுத்துக்கொள்ளும். பல நாள் நடையில் குறைமாவுக்காரருக்குக் கிடைக்கும் பெரிய ஆறுதல் இது. புரதத்தை மட்டும் குறைக்க வேண்டாம். இரவில் 30, 40 கிராம் புரதம் போனால்தான் இறக்கத்தில் அடிபட்ட தொடை மறுநாளுக்குத் தேறும்.

உயரம் கூடினால் கணக்கு மாறும். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையக் குறைய மாவுச்சத்தின் அந்த ஏழெட்டு சதவீதம் மதிப்பு கூடும், பசியும் மந்தப்பட்டுக் கொழுப்பைப் பார்த்தாலே குமட்டும். கடுங்குளிரில் சீஸ் கல்லாகும், எண்ணெய் உறையும், நடுக்கமே கிளைக்கோஜனைத் தின்னும். எவ்வளவு கண்டிப்பான குறைமாவுக்காரர் ஆனாலும் 3,000 மீட்டருக்கு மேல் போகும்போது ஒரு நாளுக்கு 50, 60 கிராம் சர்க்கரையை அவசரப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கையில் இருக்கும் நாட்களைக் கொண்டு முடிவெடுக்கலாம். மலையேற்றம் இரண்டு வாரத்துக்குள் என்றால், குறைமாவு உணவை இன்னும் தொடங்காதவர் முடித்துவிட்டுத் தொடங்கட்டும். தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர் மணிக்கு 20 கிராம் சர்க்கரையும் நிறைய உப்புமாகப் போகட்டும், ஏற்றத்தில் வேகத்தைக் குறைக்கட்டும். இரண்டு மாதம் இருக்கிறது என்றால் வாரம் ஒரு நீண்ட நடை, அதில் பாதி நடைகள் காலையில் வெறும் வயிற்றோடு. நடை நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஐந்து மணி நேர ஒத்திகை ஒன்று, அதே பை, அதே சுமை, அதே உணவு. முதல் மூன்று மணி நேரம் கொழுப்பும் உப்பும் மட்டும். நான்காவது மணி நேரத்து ஏற்றத்தில் உங்களால் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று கூட வருபவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் சர்க்கரை அவசரப் பையிலேயே இருக்கட்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால், ஏற்றங்களை எண்ணி, ஏற்றத்துக்கு ஒரு சிறு பை என்று கட்டி வையுங்கள்.